மரவள்ளித் தோலும் ஒரு மஞ்சள் தாளும்

இன்று ஐப்பசி மாதம் ஒன்பதாம் நாள். எனக்கு எண்பத்து மூன்று வயதும் நான்கு மாதமும் ஆகின்றன. இடது கண் ஓய்வு பெற்றுவிட்டது. வலது கண்ணுக்கு இன்னும் வேலை இருக்கிறது. காதுகள் இரண்டும் பழுதில்லாமல் இருக்கின்றன என்பதை நீ மறந்துவிட்டாய் போலும், மகனே. ஆயுத பூஜை விடுமுறைக்குச் சேலத்திலிருந்து குடும்பத்தோடு வந்திருந்தபோது, சாப்பாட்டு மேசையில் உன் மகளிடம் நீ சொன்ன ஒவ்வொரு சொல்லும் அடுத்த அறையில் படுத்திருந்த எனக்குக் கேட்டது. பள்ளி மாணவர்களுக்கான அறிவியல் ஆய்வுக் கட்டுரைப் போட்டியில் அவள் கலந்துகொள்ள விரும்புகிறாள். ஜவ்வரிசி ஆலையின் கழிவுநீர் பாய்ந்த மண்ணில் எந்த விதை முளைக்கிறது, எது முளைக்க மறுக்கிறது என்று பார்க்கப் போகிறாளாம். மாத முடிவுக்குள் நீ சம்மதம் எழுதிக் கொடுக்காவிட்டால் பள்ளி அவள் பெயரை அனுப்பாது. நீ சம்மதிக்கவில்லை. "தப்பா ஒரு வரி எழுதிட்டா, அதுக்கப்புறம் ஆயுசு பூரா அந்த வரியோடதான் குடித்தனம் பண்ணணும். உனக்கு அது வேணாம்" என்றாய். அவள், "நீங்க பண்ணியிருக்கீங்களாப்பா?" என்று கேட்டாள். தட்டிலிருந்த அப்பளத்தை எடுத்துக் காதருகே வைத்து நீ ஒடித்த ஓசை மட்டும் வந்தது. அந்த ஓசையை உன் பதினாறாம் வயதிலிருந்து உன்னிடம் கேட்டுக்கொண்டிருக்கிறேன். இந்த முறை எழுந்து உட்கார்ந்துவிட்டேன்.

இதை நேரில் சொல்லாமல் அச்சில் ஏன் சொல்கிறேன் என்று கேட்பாய். நான் வேதியியல் ஆசிரியையாக இருந்த கள்ளக்குறிச்சிப் பள்ளியின் அறிவியல் மன்றத்தார் இவ்வாண்டு மலர் வெளியிடுகிறார்கள். என்னிடம் வாழ்த்துரை கேட்டார்கள். வாழ்த்துவதில் எனக்குப் பயிற்சி இல்லை. உனக்கு ஒரு கடிதம் எழுதித் தருகிறேன், விருப்பமிருந்தால் போடுங்கள் என்றேன். நான் எழுதப்போவது, நீ ஒரு காலத்தில் மேடையேறி ஒலிபெருக்கியின் முன் நின்று ஊரறியச் சொன்ன ஒன்றைப் பற்றியது. ஊரறியச் சொல்லப்பட்டதற்கு வீட்டுக் கூடத்தில் மறுமொழி சொல்வது முறையாகாது.

செய்முறைத் தேர்வுக்கு நான் உனக்குக் கற்பித்த ஒழுங்கு நினைவிருக்கும். பக்கத்தை மூன்றாகப் பிரித்து, சோதனை, காண்பன, அறிவன என்று தலைப்பிட வேண்டும். கண்ணால் கண்டதை நடுவில் எழுது. அதிலிருந்து நீ முடிவு செய்வதை வலப்புறம் எழுது. வலப்புறத்துக்கு உரியதை அவசரப்பட்டு நடுவில் எழுதினால் பாதி மதிப்பெண் போகும் என்பேன். இக்கடிதத்தையும் அந்த ஒழுங்கிலேயே எழுதுகிறேன். உன்னிடம் சொல்லாமல் வைத்திருந்தது ஒன்று உண்டு. அது தன் இடத்தில் வரும். முன்கூட்டிக் கடைசிப் பக்கத்தைப் புரட்டாதே.

உனக்குப் பதினாறு வயது நடந்த அந்த ஆண்டு மழை பொய்த்திருந்தது. கோமுகி ஆற்றில் மணல் மட்டும் ஓடிற்று என்று உன் அப்பா வேடிக்கையாகச் சொல்வார். வைக்கோல் போர்கள் கரைந்து, ஊரின் மாடுகளெல்லாம் எலும்பைக் காட்டத் தொடங்கின. கல்வராயன் மலைச்சரிவுகளில் மட்டும் மரவள்ளி நின்றது. வறட்சியில் வளர்ந்த மரவள்ளிக்கு நஞ்சு கூடுதல். கிழங்கு லாரிகளில் கச்சிராயபாளையம் வழியாக இறங்கி ஜவ்வரிசி ஆலைகளுக்குப் போயிற்று. ஆலையில் சீவிய தோலை வாசலில் மலைபோல் குவித்து வைத்திருப்பார்கள், வேண்டியவர்கள் அள்ளிக்கொள்ளலாம். பச்சைத் தோலைத் தின்ற இரண்டு ஆடுகள் அந்தக் குவியலின் அருகிலேயே விறைத்துக் கிடந்ததை நீ பள்ளிக்குப் போகும் வழியில் பார்த்தாய். காயவைத்துக் கொடுத்தால் ஒன்றும் ஆகாது என்பது எல்லோருக்கும் தெரியும். எவ்வளவு காய்ந்தால் காய்ந்தது என்பது ஒருவருக்கும் தெரியாது. வீட்டுக்கு வந்ததும் நீ என்னைக் கேட்ட முதல் கேள்வி அதுதான். கேள்வி நல்ல கேள்வியாக இருந்தால் பாதிக் கட்டுரை எழுதியாயிற்று என்று உன் மகளிடம் சொல்.

அப்போது நம் மாவட்டத் தலைநகராக இருந்த கடலூரில் மாவட்டப் போட்டி என்று அறிவிப்பு வந்திருந்தது. முதலிடம் பெறுபவரைச் சென்னைக்கு அனுப்புவார்கள். உனக்கு அந்தச் சென்னை வேண்டியிருந்தது. அங்கே நான் படித்த பல்கலைக்கழகத்தின் ஆய்வுக்கூடத்தைப் பற்றி நான் அடிக்கடி பேசியதன் விளைவு அது. நான் பள்ளியிலிருந்து மஞ்சள் நிறப் பிக்ரிக் அமிலம் கொண்டுவந்தேன். காய்ந்தால் வெடிக்கும் பொருள் என்பதால் நீர் ஊற்றி வைத்திருந்த அந்தப் புட்டியை உன்னைத் தொடவிடவில்லை. கரைசலை மட்டும் கொடுத்தேன். சலவைச் சோடாக் கரைசலும் அதுவும் சேர்ந்த கலவையில் மையொற்றும் தாளை நனைத்துப் பட்டையாக வெட்டினால் சோதனைத் தாள் ஆயிற்று. மரவள்ளித் தோலை நசுக்கிச் சிறிது நீரோடு புட்டியில் போட்டு, மஞ்சள் தாளை மூடியிலிருந்து தொங்கவிட வேண்டும். மரவள்ளியின் நஞ்சான சயனைடு வெளிப்பட்டால் தாள் செங்கல் நிறத்துக்கு மாறும். வெளிப்படாவிட்டால் மஞ்சள் மஞ்சளாகவே இருக்கும். மையொற்றும் தாள் வாங்கக் கடைத்தெருவுக்கு நாம் இருவரும் போனபோது காகிதக் கடை பாய் சிரித்தார்.

"இன்னா தம்பி, கடையில கீறதெல்லாம் வாரிக்கினு போற? ஜாஸ்தி எழுதறியா, இல்ல மைய ஜாஸ்தி கொட்றியா?"

"மாட்டுத் தீனிக்குங்க பாய்" என்றாய் நீ.

"டீச்சரம்மா, பஞ்சம் வந்தது வாஸ்தவந்தான். அதுக்குன்னு மாட்டுக்குக் காயிதமா போடுவீங்க?"

உன் அப்பாவும் தன் பங்குக்குச் சொன்னார். "நம்ம வூட்டு மாடு இனிமே பரீட்ச எழுதி பாஸ் பண்ணாத்தான் தீனியா? ஆத்தாளும் புள்ளையும் சேந்து அதுக்கு எம்.எஸ்ஸி. பட்டம் குடுத்துடுவீங்க போலகீது." சொல்லிவிட்டு, நெல் காயப்போடும் களத்தில் பாதியை உனக்கு ஒதுக்கிக் கொடுத்தவரும் அவர்தான்.

உன் கட்டுரையின் உயிர் எங்கே இருந்தது என்பதை நீயே மறந்திருப்பாய், நான் மறக்கவில்லை. காய்ந்த நாள்களைக் கணக்கிட்டுச் சொன்னால் பயனில்லை, ஒரு நாள் வெயில் மறுநாள் இராது என்று நீயாகக் கண்டுகொண்டாய். ஊரில் யார் வீட்டிலும் தராசோ ஈரமானியோ இல்லை. எல்லோரிடமும் இருப்பது கையும் காதும். ஆகவே தோலை விரல் நீளத்துக்கு நறுக்கிப் பரப்பி, அவ்வப்போது ஒன்றை எடுத்து மடக்கிப் பார்த்தாய். வளைந்த தோல் தாளைச் செங்கல் நிறமாக்கியது. நார் இழுத்துக் கிழிந்த தோல் ஆரஞ்சு ஆக்கியது. அப்பளம்போல் சட்டென்று ஒடிந்த தோல் தாளை ஒன்றும் செய்யவில்லை. மீண்டும் மீண்டும் செய்தாய், வேறு வேறு ஆலைத் தோலில் செய்தாய், நைனார்பாளையத்துச் சித்தி வீட்டிலிருந்துகூடத் தோல் வரவழைத்துச் செய்தாய். ஒடிந்தது எப்போதும் மஞ்சளாகவே நின்றது. படிக்கத் தெரியாதவரும் காதால் அறியக்கூடிய ஒரு முடிவை எழுதியிருந்தாய். அந்தக் கட்டுரையை நான் திருத்தவில்லை. மூன்று இடத்தில் ஒற்றெழுத்து மட்டும் போட்டேன்.

எதிர்வீட்டு அஞ்சலைதான் உன் முடிவை முதலில் நம்பியவள். கணவனை இழந்தவள்; ஒரு செவலைப் பசுவும், தனசேகர் என்ற இருபது வயது மகனும் அவளுடைய குடும்பம். வீடுகளுக்குப் பால் ஊற்றித்தான் அடுப்பெரிந்தது. களத்தில் நீ தோலை ஒடித்துக் காட்டிக்கொண்டிருந்தபோது முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு வந்து நின்றாள்.

"இன்னா தம்பி, தோலோட பேசிக்கினு கீற?"

"இத ஒடிங்க அக்கா. சத்தம் கேக்குதா? இந்தச் சத்தம் வந்தா மாட்டுக்குப் போடலாம். வளஞ்சா போடக் கூடாது."

"அப்பளம் மாரி ஒடியணுங்கிற. அத்தோட ஒரு ரசமும் வச்சுக் குடுத்தீன்னா எம்மாடு உம்பேரச் சொல்லிக்கினு கெடக்கும்."

ஆனாலும் நீ காயவைத்த தோலைக் கூடை கூடையாகச் சுமந்து போனாள். அவள் பசு அதைத் தின்று பால் குறையாமல் நின்றது. நீ ஒவ்வொரு காலையும் எதிர்வீட்டுக்குப் போய் அந்த மாட்டின் கண்ணையும் பல்லீறையும் பார்த்துவிட்டு வந்தாய். தேர்வு முடிவு பார்க்கப் போகிறவனைப் போல் போவாய்.

பிறகு சாலைகளில் மரங்கள் சாய்ந்தன. இட ஒதுக்கீடு கேட்டு நடந்த போராட்டத்தை உன் மகள் பாடப்புத்தகத்தில் இரண்டு வரியாகப் படித்திருப்பாள். நமக்கு அது வெள்ளைக்காரன் காலத்துப் புளியமரங்கள் வெட்டுண்டு குறுக்கே கிடந்த சாலை. பேருந்து இல்லை, பால் வண்டி இல்லை, செய்தித்தாள் இல்லை. எலவனாசூர்கோட்டைக்குப் போயிருந்த உன் அப்பா அங்கேயே மாட்டிக்கொண்டார். கோரிக்கை நியாயமானதா என்று என்னை அப்போது கேட்டவர்களிடம், என் வகுப்பில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து பிறகு வராமல் போன பிள்ளைகளின் பெயர்களைச் சொல்லிவிட்டு, நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள் என்றேன். மரத்தை வெட்டியது நியாயமா என்றால் இல்லை என்றும் சொன்னேன். இரண்டு தரப்புக்கும் என்னைப் பிடிக்கவில்லை. அதில் எனக்குப் புதுமை இல்லை. நம் ஊர் எல்லையில் கிழங்கு ஏற்றிய லாரி ஒன்று மரத்தின் முன் நின்றுபோயிற்று. ஓட்டுநர் இறங்கி ஓடிவிட்டார். மறுநாள் அது எரிந்து கிடந்தது. அதன் பிறகு காவல்துறை ஜீப்புகள் தெருத்தெருவாக வந்தன. இளவட்டம் என்று கண்ணில் பட்டவர்களை ஏற்றிச் சென்றன.

இனி வருவது நீ உடனிருந்து பார்த்தது. ஆனாலும் எழுதுகிறேன், ஏனெனில் நீ பார்த்ததும் நான் பார்த்ததும் ஒன்றல்ல.

காலை வெயில் ஏறியிருந்தது. எதிர்வீட்டிலிருந்து ஓர் ஓசை வந்தது. மாட்டின் குரல் என்று முதலில் எனக்குத் தோன்றவில்லை. நாம் ஓடிப் பார்த்தபோது பசு கால் பரப்பிக் கிடந்தது. வாயில் நுரை, உடம்பெல்லாம் நடுக்கம், மூச்சு துருத்தி ஊதுவதுபோல் வந்தது. நான் உதட்டை விலக்கிப் பல்லீறைப் பார்த்தேன். செக்கச் செவேலென்று இருந்தது. "சயனைடு" என்று வாய்விட்டுச் சொன்னது நான்தான். அந்தச் சொல் காதில் விழுந்ததும் உன் முகம் என்ன ஆயிற்று என்பதை நான் விவரிக்கப் போவதில்லை. கால்நடை மருத்துவர் கள்ளக்குறிச்சியில் இருந்தார், வர வழியில்லை. புகைப்படக் கடையில் படம் கழுவ வைத்திருக்கும் ஹைப்போ உப்பைக் கரைத்து ஊற்றினால் பிழைக்க வாய்ப்புண்டு என்றேன். நான் சொல்லி முடிப்பதற்குள் உன் சைக்கிள் தெருமுனையில் இருந்தது.

மரங்களின் மீது சைக்கிளைத் தோளில் தூக்கிக்கொண்டு ஏறி இறங்கினாய் என்று பிறகு தெரிந்தது. மரத்தில் உட்கார்ந்திருந்த பையன்கள், "டேய், டீச்சர் புள்ளடா! எங்கடா போற, டவுனே மூடிக் கெடக்குது" என்று மறித்திருக்கிறார்கள். மாடு சாகிறது என்று நீ சொன்னதும் அவர்களே சைக்கிளை வாங்கி அந்தப் பக்கம் இறக்கிவிட்டிருக்கிறார்கள். மூடிய கடையின் கதவை நீ தட்டிய தட்டில் கடைக்காரர் பின்வழியாக வந்து பொட்டலம் கட்டிக் கொடுத்திருக்கிறார். பொட்டலத்தோடு நீ திரும்பி வந்தபோது பசுவின் மீது சாக்கைப் போர்த்திவிட்டிருந்தார்கள்.

அந்த நேரத்தில்தான் ஜீப் நம் தெருவுக்குள் நுழைந்தது. அஞ்சலை தலைவிரிகோலமாக வீட்டிலிருந்து பாய்ந்து வந்தாள். நீ தெருவின் நடுவில், சைக்கிளைப் பிடித்தபடி, கையில் பொட்டலத்தோடு நின்றாய்.

"ஐயோ, எம்மாட்டக் கொன்னுட்டானே! அப்பளம் மாரி ஒடிஞ்சா போதும்னியே தம்பி! உம்போட்டிக்கு எம்மாடுதான் கெடச்சுதா? கேளுங்க சார், நீங்களே கேளுங்க! இந்தப் புள்ள குடுத்த தோலத் தின்னுதான் செத்துது! இன்னா ஞாயம் சொல்லப் போறீங்க?"

ஜீப்பிலிருந்து இறங்கிய காவலர் சலித்துக்கொண்டார். "ஏம்மா, ஊரே பத்தி எரியுது, நீ மாட்டப் பத்தி வந்து சொல்லிக்கினு கீற. போம்மா அந்தாண்ட." அவள் விடவில்லை. ஜீப்பின் முன்னாலேயே மண்ணில் விழுந்து புரண்டாள். அவளைத் தாண்டி வீட்டுக்குள் போக யாருக்கும் மனம் வரவில்லை. ஜீப் பின்னால் எடுத்துக்கொண்டு போயிற்று. நீ நின்ற இடத்திலேயே நின்றாய். பொட்டலம் கிழிந்து வெள்ளை உப்பு உன் காலடியில் கொட்டிக்கொண்டிருந்தது.

அதன் பின் நடந்தவற்றை நான் ஒவ்வொரு நாளும் பார்த்தேன். பிக்ரிக் அமிலத்தால் உன் விரல் நுனிகள் மஞ்சளாகியிருந்தன; தோல் உரிந்து வளரும் வரை அது போகாது. நீ கிணற்றடியில் உட்கார்ந்து செங்கல்லால் விரலைத் தேய்த்தாய். இரத்தம் வந்த பிறகும் தேய்த்தாய். அந்தக் கையால் சோறு தொடமாட்டேன் என்று கரண்டியால் சாப்பிட்டாய். ஊர் திரும்பிய உன் அப்பா நம் கிடாரிக் கன்றை அவிழ்த்துக்கொண்டு போய் அஞ்சலை வீட்டில் கட்டினார். அவள் கயிற்றை வாங்கிக்கொண்டாள். அவர் முகத்தைப் பார்க்கவில்லை. அந்தக் கிடாரி பெரிதாகிக் கன்று ஈன்றபோதெல்லாம் முதல் நாள் சீம்பாலைக் காய்ச்சி, வெல்லம் போட்டு, உனக்கென்று கொண்டுவந்து வைத்துவிட்டுப் போவாள். "எவ்ளோ பெரிய மனசும்மா அவங்களுக்கு" என்று நீ சொல்வாய். ஒரு முறையும் அதை நீ தொட்டதில்லை. நான் சாப்பிட்டேன். வீணாக்குவானேன்?

சாலைகள் திறந்தபின் கடலூருக்குப் போனோம். உளுந்தூர்பேட்டை வரை இருபுறமும் அடிமரங்கள் மட்டும் நின்றன. வெட்டுவாயில் சாறு காய்ந்து கருத்திருந்தது. நீ சன்னல் பக்கம் திரும்பவில்லை. பேருந்தில் கட்டுரையை ஒரு முறைகூடப் பிரிக்கவில்லை. நீ என்ன செய்யப்போகிறாய் என்று எனக்குத் தெரியாது. உன் பெயரை அழைத்ததும் மேடையேறி, எல்லாப் பட்டைத் தாள்களையும் ஒட்டிய அட்டையை மேசையில் கவிழ்த்து வைத்தாய். "என் முடிவு தவறு. நான் பாதுகாப்பானது என்று சொன்ன தோலைத் தின்று ஒரு பசு இறந்துவிட்டது. என் கட்டுரையை யாரும் பின்பற்ற வேண்டாம்" என்றாய். நடுவர்களில் ஒருவர் வெள்ளைத் தலை, தடித்த கண்ணாடி. கல்லூரிப் பேராசிரியராக இருக்கவேண்டும். அவர் மெதுவாகக் கேட்டார்.

"தம்பி, அந்த மாடு செத்த அன்னிக்கு எதைத் தின்னுச்சோ, அதைச் சோதிச்சியா?"

"இல்லைங்க ஐயா."

"வேற யாராச்சும் சோதிச்சாங்களா?"

"இல்லைங்க ஐயா."

"அப்போ மாடு செத்ததுன்றதுதான் நமக்குத் தெரியும். ஏன் செத்ததுன்றது தெரியாது. உக்காரு."

அவர் உன் அறிவன என்னும் பகுதியை அடித்துவிட்டுக் காண்பன என்பதை மட்டும் விட்டுவைத்தார். நீ அதைக் கருணை என்று எடுத்துக்கொண்டாய். அது வேதியியல். அவருடைய இரண்டாவது கேள்விக்குச் சரியான பதில் தெரிந்தவர் அந்த அரங்கில் ஒருவர் இருந்தார். ஏழாவது வரிசையில், கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

அதன் பிறகு நீ அறிவியலை விட்டு வணிகவியலுக்கு மாறினாய். வங்கியில் சேர்ந்தாய், பிறர் எழுதியதைச் சரிபார்க்கும் வேலை, நீயாக ஒரு முடிவும் எழுதவேண்டிய கட்டாயமில்லாத வேலை. நல்ல பெயர் எடுத்தாய். கட்டாந்தரையில் கால் வைப்பதற்கு முன்பும் ஒரு முறை அழுத்திப் பார்ப்பவன் ஆனாய். வடகம், வற்றல், அப்பளம், எது தட்டில் விழுந்தாலும் காதருகே ஒடிக்கிறாய். அது ஒடிந்த பிறகும் நம்பாதவன்போல் சற்று நேரம் கையிலேயே வைத்திருக்கிறாய். உன் மனைவி அதைப் பழக்கம் என்று நினைக்கிறாள். எனக்கு அந்த ஓசை கேட்கும்போதெல்லாம் எதிர்வீட்டுத் தொழுவம் கண்ணில் வந்து நிற்கும். இப்போது அந்த இடத்தில் மாடி வீடு கட்டிவிட்டார்கள். ஓசைக்கு அது தெரியாது.

சென்ற மாதம் ஒருவர் என்னைப் பார்க்க வந்தார். நரைத்த தலை, கையில் பழம், மகளின் திருமணப் பத்திரிகை. அஞ்சலையின் மகன் தனசேகர். அரசுப் பேருந்தில் நடத்துநராக வேலை பார்த்து ஓய்வு பெற்றிருக்கிறான். அஞ்சலை போய் ஓராண்டு ஆகிறது. பத்திரிகையைக் கொடுத்தபின் எழுந்து போகாமல் உட்கார்ந்திருந்தான். கடைசியில், "தம்பிகிட்ட சொல்லிடுங்க டீச்சர். எங்கம்மாவும் பூட்டாங்க, நானும் ரிட்டையர் ஆயிட்டேன். எனக்கு இன்னா ஆவப் போவுது இனிமே? அச்சுல போட்டாலும் போடுங்க. எம்பேரோட போடுங்க" என்றான். அதனால்தான் அவன் பெயர் இங்கே இருக்கிறது.

மகனே, இதுதான் நான் சொல்லாமல் வைத்திருந்தது. ஜீப் போனபின், நீ கிணற்றடியில் விரலைத் தேய்த்துக்கொண்டிருந்தபோது, நான் மூன்று புட்டிகளையும் உன் சோதனைத் தாள்களையும் எடுத்துக்கொண்டு அஞ்சலையின் தொழுவத்துக்குப் போனேன். உன் முடிவு தவறு என்றால் எந்த இடத்தில் தவறு என்று எனக்குத் தெரிந்தாக வேண்டியிருந்தது. பசுவின் வாயைத் திறந்தேன். கடைவாயில் சிக்கியிருந்தது தோல் அன்று. வெள்ளை வெளேரென்ற பச்சைக் கிழங்குத் துண்டு. முன்பு வைக்கோல் அடுக்கியிருந்த மூலையில், பழைய பாயின் அடியில், கிழங்கு மூட்டை ஒன்று வாய் பிரிந்து கிடந்தது. நான் புட்டியில் தாளைத் தொங்கவிட்டபோது அஞ்சலை வந்து படலைச் சாத்தினாள்.

"அத்த வுட்டுடுங்க டீச்சரம்மா. லாரியில கெடந்தத எல்லாரும் எடுத்தாங்க. தம்பி குடுத்த தோலும் அடிக்கூடைக்கு வந்துட்டுது, வைக்கோலு இல்லாம மாடு கத்திக்கினே கெடந்துது, எம்புள்ள மனசு கேக்காம ஒரு மூட்டயத் தூக்கியாந்தான். நானு பாக்கறதுக்குள்ள வாய வச்சிட்டுது. கொளுத்தனது அவன் இல்லீங்க, சத்தியமா அவன் இல்ல. ஆனா மூட்ட இங்க கீதுன்னா எவன் நம்புவான்? அதான் தெருவுல விழுந்து பொரண்டேன். தம்பி மேல பழியப் போட்டேன். உங்க புள்ளைக்கு இன்னா, ஒரு பரிசு போவும். எம்புள்ளய இட்டுக்கினு போனா நான் இன்னா பண்ணுவேன்?"

இருட்டியபின் அவளும் நானுமாக மூட்டையை இழுத்துப்போய் நம் எருக்குழியில் புதைத்தோம். உன்னிடம் சொல்லியிருந்தால் நீ கடலூர் மேடையில் அதையும் சொல்லியிருப்பாய். தன்னைக் காத்துக்கொள்ளப் பொய் சொல்லத் தெரியாத பிள்ளையிடம் மற்றவன் உயிரைக் கொடுத்து வைக்க முடியாது. லாரி எரிந்த வழக்கு நெடுங்காலம் நடந்தது. பிறகு தனசேகர் அரசு வேலையில் சேர்ந்தான். அதன் பிறகும் அஞ்சலை உயிரோடு இருந்தவரை சொல்ல முடியவில்லை. நான் செய்ததை எடைபோட விரும்பினால் போட்டுக்கொள். ஒரு தட்டில் அவனையும் ஒரு தட்டில் உன்னையும் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் நான் அந்தக் குழியை மூடினேன். உன் தட்டு இத்தனை காலம் தாழ்ந்தே இருக்கும் என்று அன்று எனக்குத் தெரியவில்லை.

உன் மகளின் சம்மதத் தாளில் கையெழுத்திடு. பிறகு, கடலூரில் அடித்து வைத்த அந்தப் பக்கத்தை நிரப்பு. நான் கண்டதை மட்டும் தருகிறேன்.

முதல் புட்டி: பசுவின் வாயிலிருந்த கிழங்கு. தாள், நான் மூடியை இறுக்கிக் கையை எடுப்பதற்குள் நிறம் மாறத் தொடங்கி, செங்கல் நிறமாகிவிட்டது. இரண்டாவது புட்டி: பாயின் அடியில் இருந்த மூட்டைக் கிழங்கு. அதுவும் அவ்வாறே. மூன்றாவது புட்டி: தொழுவத்து விட்டத்தில் தொங்கிய கூடையிலிருந்து நான் எடுத்து, காதருகே ஒடித்து, நசுக்கிப் போட்ட, நீ காயவைத்த தோல். வெயில் சாயும்வரை அதை என் அடுக்களைச் சன்னலில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். தாள் மஞ்சளாகவே இருந்தது.